படிப்பதா, அடுக்குவதா? மின்னூல் வைத்திருப்பவளின் நேரக் கணக்கு

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் கிண்டிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். போக வர ஒன்றரை மணி நேரம். அடுப்படி, அலுவலகம், மகனின் வீட்டுப்பாடம் எல்லாம் போக எனக்கே எனக்கென்று நிற்கும் நேரம் அது மட்டும்தான். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் பாதையை நீட்டிய பிறகே அதுவும் கிடைத்தது. அதற்கு முன்னால் பாரிமுனையில் பஸ் மாறி, ஒரு கையில் கம்பியும் இன்னொரு கையில் சாப்பாட்டுப் பையுமாக நின்றுகொண்டே போனவளுக்குப் புத்தகம் ஏது?

போன வருடம் ஒரு காலை அந்த நேரத்தில் கைப்பேசியில் மின்னூல் கோப்புகளின் பெயரைத் திருத்திக்கொண்டிருந்தேன். தேவையில்லாத அடிக்கோடுகளை எடுப்பது, ஆசிரியரின் முன்னெழுத்துக்குப் புள்ளி வைப்பது, ஒரே நூலின் இரண்டு பிரதிகளில் எது தெளிவாக இருக்கிறது என்று பார்ப்பது. நிமிர்ந்தால் சின்னமலை. அடுத்து நான் இறங்க வேண்டும். பாதியில் விட்ட நாவல் அதே பக்கத்தில் நின்றது. முந்தின நாளும் அதே பக்கம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று இரவு கணக்குப் போட்டேன். என்னிடம் 900 மின்னூல்களுக்கு மேல் இருந்தன. பெயர், ஆசிரியர், அட்டைப்படம், வகை என்று ஒன்றைச் சரிசெய்ய 4 நிமிடம் என்று வைத்தாலும் 3,600 நிமிடம், அதாவது 60 மணி நேரம். நான் மணிக்கு 40 பக்கம் படிப்பேன். 60 மணி நேரத்தில் 2,400 பக்கம். 240 பக்கப் புத்தகமாக எடுத்தால் பத்து. பத்துப் புத்தகங்களைப் படிக்காமல் விட்டு, 900 புத்தகங்களுக்குப் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறேன். மனசு கனத்துப்போனது.

அதன்பின் சுற்றியிருப்பவர்கள் மின்னூல்களை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினேன். எந்தக் கருவி நல்லது, எந்தத் திரை கண்ணுக்கு இதம் என்பதெல்லாம் வேறு பேச்சு. ஒரு முறை நம் படிப்பு நேரத்திலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்கிறது, எடுத்ததற்கு என்ன திருப்பித் தருகிறது என்பதை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பெரியப்பா: முடித்தேன், அழித்தேன்

பெரியப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாளுக்கு நாலு மணி நேரம் படிக்கிறார். அவருடைய கைப்பேசியில் எந்த நேரத்திலும் ஒரே ஒரு புத்தகம்தான் இருக்கும். எழுத்தை ஒரு வரிக்கு நாலு வார்த்தை வருகிற அளவுக்குப் பெரிதாக்கி, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவார். என் சேகரிப்பை ஒருநாள் அவரிடம் காட்டினேன், பெருமையாகத்தான்.

"ஏம்மா, இத்தினி புக்கு வச்சினுகிறியே, எதயெல்லாம் படிச்ச?"

"படிக்கணும் பெரீப்பா."

"நான் முடிச்சேன்னா அழிச்சிடுவேன். திரும்ப வேணும்னா அங்கதான கீது, எடுத்துக்கினா போச்சு."

அவர் 'அங்க' என்று சொல்வது சாதாரண இடமில்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னெடுக்க, உலகமெங்கும் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்திலிருந்து உரைநடைவரை தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் ஏற்றினார்கள். 2013 முதல் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளம், யாரும் பகிரலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் நூல்களை இபப், மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் என்று தனித்தனிக் கோப்பு வடிவங்களிலேயே தருகிறது. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் பழைய பதிப்புகளும் ஸ்கேன் வடிவில் இருக்கின்றன. எல்லாம் இலவசம். இத்தனையும் இருக்கும்போது வீட்டில் எதற்கு இன்னொரு பிரதி என்று பெரியப்பா கேட்பது நியாயமாகவே படுகிறது. நிர்வாகத்துக்கு அவர் செலவிடும் நேரம் வாரத்துக்கு இரண்டு நிமிடம்கூட இராது.

இந்த முறையின் பலவீனத்தை எனக்குப் புரியவைத்தது மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் முதல் வாரம். அம்மா வீடு வியாசர்பாடியில், தரைத்தளம். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மின்சாரம் இல்லை, கைப்பேசியில் சிக்னலும் இல்லை. பெரியப்பாவும் அங்கேதான் இருந்தார். அவருடைய புத்தகம் முதல் நாள் மதியம் முடிந்துவிட்டது. அடுத்ததை எடுக்க வழியில்லை. இரவுக்குள் கைப்பேசியே அணைந்துபோனது. என்னிடம் இருந்தது மின்மை (இ-இங்க்) திரை கொண்ட வாசிப்புக் கருவி. பக்கம் மாறும்போது மட்டுமே அந்தத் திரை மின்சாரம் எடுக்கும் என்பதால், திரை விளக்கை அணைத்துவிட்டால் ஒரு தடவை ஏற்றியது வாரக்கணக்கில் நிற்கும். அதில் 30 நூல்கள் இருந்தன. மாடி வீட்டுக்காரர் ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் கொடுத்தார். பகல் வெளிச்சம் இருக்கிறவரை பெரியப்பா அதை வாங்கிப் படித்தார். மூன்று நாள்.

"உன்னோட டப்பா நல்லாத்தான் கீது" என்றார். அதற்கு மேல் விட்டுக்கொடுக்கவில்லை.

வெள்ளம் வருடத்தில் ஒருமுறை. வேறு விதத்திலும் இந்த வழி அறுந்துபோகும். 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் மீது தாக்குதல் நடந்து, அந்தத் தளம் பல நாள் திறக்கவில்லை. பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன்கள் பலவற்றுக்கு அதுதான் நம்மில் பலருக்கும் வாசல். காசு கொடுத்து வாங்கினாலும் இதே நிலைதான். அமேசானின் கிண்டில் கடையில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதி 2025 பிப்ரவரி 26 அன்று நிறுத்தப்பட்டது. நானே சில வருடங்களுக்கு முன் ஒரு செயலியில் 11 தமிழ் நூல்கள் வாங்கியிருந்தேன். செயலியை மூடிவிட்டார்கள். பணம் போனதைவிட, அதில் நான் கோடிட்டு வைத்திருந்த வரிகள் போனதுதான் இன்றுவரை வலிக்கிறது.

பெரியப்பாவுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. "துறைமுகத்துல கூலி வேலை செய்றவன் ஒருத்தன் லெட்டர் எழுதுவானே, அது எந்தப் புக்கு?" என்று கேட்பார். படித்தது நினைவிருக்கும், பெயர் நினைவிருக்காது. அழித்துவிட்டதால் தேடவும் இடமில்லை. அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுக்க இருவரும் உட்கார்ந்தோம். கிடைக்கவில்லை. நிர்வாகத்தில் மிச்சம் பிடித்த நேரத்தில் கொஞ்சம் இப்படித் திரும்பப் போய்விடுகிறது. கொஞ்சம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்: எல்லாவற்றையும் காலிபரில்

காலிபர் மென்பொருளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கோவித் கோயல் என்பவர் 2006இல் தன் சொந்தத் தேவைக்காகத் தொடங்கியது. இன்றைக்கும் இலவசம். வடிவம் மாற்றும், அட்டை தேடித் தரும், கருவிக்கு அனுப்பும், வகை பிரிக்கும். 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து எல்லா நூல்களின் உள்ளேயும் ஒரு சொல்லைத் தேடலாம். இதைச் சரியாகப் பயன்படுத்துகிறவரின் சேகரிப்பு ஒரு சின்ன நூலகம்தான்.

தமிழ் நூல்களை அதில் அடுக்கும்போதுதான் வேலை பெருகுகிறது. வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. எனக்கு 60 மணி நேரம் எங்கே போனது என்பதும் இங்கேதான் இருக்கிறது.

முதலில் ஆசிரியர் பெயர். கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அதை முன்னால் தூக்கிப் போட்டு அகரவரிசைப்படுத்துவது காலிபரின் இயல்பு. உ.வே. சாமிநாதையருக்கு அது பொருந்தும்; 'சா'வில் போய் உட்காருவார், சரி. மறைமலை அடிகளோ 'அடிகள், மறைமலை' ஆகி 'அ'வுக்குப் போய்விடுவார். குன்றக்குடி அடிகளாரும் அவர் பக்கத்திலேயே. வையாபுரிப் பிள்ளை 'பி'யில். 'பிள்ளை' என்று முடிகிற அத்தனை பேரும் அங்கே வரிசையாக நிற்பார்கள். பெயரை அப்படியே எடுத்துக்கொள் என்று அமைப்பை மாற்றலாம். மாற்றினால் இவர்கள் எல்லாம் சரியாகி, உ.வே.சா. 'உ'வுக்குப் போய்விடுவார். எப்படிப் போனாலும் கையால் திருத்தியாக வேண்டும்.

அடுத்தது எழுத்து. திரையில் 'கௌதமன்' என்று தெரிகிற பெயரை இரண்டு விதமாகத் தட்டலாம். 'கௌ' என்பதை ஔகாரக் குறியோடு தட்டுவது ஒன்று. 'கெ' தட்டிப் பக்கத்தில் 'ள' போடுவது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு. ஒரே ஆசிரியர் பட்டியலில் இருமுறை வருவார், ஒன்றைத் தேடினால் மற்றது வராது. முன்னெழுத்துக்குப் பின் இடைவெளி விட்டது, விடாதது, ஒற்று மிகுந்தது, மிகாதது என்று ஒருவரே நாலு பேர் ஆவதும் உண்டு. உ.வே.சா. என் பட்டியலில் ஐந்து பேராக இருந்தார்.

பிறகு பழைய குறியேற்றக் கோப்புகள். குறியேற்றம் என்பது எழுத்தைக் கணினி எண்ணாகப் பதியும் முறை. யூனிகோடு பரவும் முன் டிஸ்கி, டாம், டாப், பாமினி என்று ஆளுக்கொரு முறை. அப்படி ஒரு கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் கொட்டிக் கிடக்கும். என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றலாம். மாற்றிய பிறகும் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய முறைகள் சிலவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியாக நிற்கும், யூனிகோட்டில் எழுத்துக்குப் பின்னால் பதிவாகும். இந்த இடமாற்றத்தில் எங்காவது ஒன்று தப்பினால், கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டு சொல்லே மாறிவிடும்.

ஸ்கேன் பிடிஎஃப் இன்னும் மோசம். இபப் கோப்பு என்றால் பெரும்பாலும் ஒரு எம்பிக்குள் அடங்கும், எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானே மடிந்துகொள்ளும். ஸ்கேன் கோப்பு பல பத்து எம்பி வரும். அது படம்தான், உள்ளே எழுத்து கிடையாது. முழுநூல் தேடல் அங்கே செல்லாது. ஆறு அங்குலத் திரையில் ஏ4 பக்கத்தைப் படிக்க ஓரம் வெட்ட வேண்டும். கேஓரீடர் செயலி பக்கத்தைத் துண்டாக்கி மறுபடி அடுக்கித் தரும், ஆங்கிலத்துக்கு அருமையாக. பழைய தமிழ் அச்சில் சில நேரம் துணைக்கால் அடுத்த வரிக்குத் தாவிவிடும்.

கடைசியாக ஒன்று. காலிபர் தன் சேமிப்பிடத்தில் கோப்புறைகளைத் தமிழில் வைக்காது. பெயரை ஆங்கில ஒலிபெயர்ப்பாக மாற்றியே வைக்கும். நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போகலாம் என்று அந்தக் கோப்புறையைத் திறந்தால், எது யாருடைய நூல் என்று புரிய நேரமாகும். வெளியே சேமிக்கும்போது இந்த மாற்றத்தை நிறுத்தும் வசதி இருக்கிறது. முதல் நாளே இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

இவ்வளவையும் செய்து முடித்த சேகரிப்பு எனக்கு என்ன கொடுத்தது? நேர்மையாகச் சொன்னால், படித்த நூல்களைப் பொறுத்தவரை நிறைய. படிக்காத எண்ணூற்றுச் சொச்சத்தைப் பொறுத்தவரை ஒன்றுமில்லை. அவற்றை நான் தேடவே இல்லை. தேடாத ஒன்றுக்கு எந்த வகை போட்டிருந்தால் என்ன?

எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் அவர் வகுத்து வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அடுக்குகிறவர்கள் எல்லாரும், நானும்தான், இந்த நான்காவது விதியைப் பிடித்துக்கொள்வோம். ஒழுங்காக அடுக்கினால்தானே தேடும் நேரம் மிச்சம்! ஆனால் ரங்கநாதன் பார்த்தது பொது நூலகத்தை. அங்கே நூலகர் ஒரு நூலுக்கு அரை மணி நேரம் செலவிட்டால், அதை எடுக்க வருகிற நூறு பேரின் நேரம் மிச்சமாகும். அந்த அரை மணியும் அவருடைய வேலை நேரம், வாசகரின் பையிலிருந்து எடுத்தது இல்லை. என் வீட்டில் நூலகரும் நான், வாசகரும் நான். தண்டையார்பேட்டையிலிருந்து கிண்டி வரைக்குமான அதே முக்கால் மணி நேரத்தில்தான் இருவரும் பங்கு கேட்கிறார்கள். நான் அட்டவணையிட்டு மிச்சப்படுத்திக் கொடுக்க வேறு ஆளே இல்லை.

இது பிடிபட்டதும் மற்றதெல்லாம் எனக்கு எளிதானது.

சித்தி மகள்: கோப்புறை போதும்

இவளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், முறையே சுருக்கமானது. டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுக்குப் படிக்கிறாள். கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்கிற படிப்பகத்தில் இடம் கிடைக்கிற நாளில் அங்கே, இல்லாவிட்டால் வீட்டு மொட்டை மாடியில். வரலாறு, ஆட்சியியல், தமிழ், கணக்கு என்று பாடத்துக்கு ஒரு கோப்புறை. கோப்பின் பெயரில் முதலில் வகுப்பு, பிறகு பாடம், பிறகு பதிப்பு ஆண்டு. மென்பொருள் கிடையாது. தேடினால் வந்துவிடுகிறது, எந்தக் கணினிக்கும் அப்படியே எடுத்துப் போகலாம். வாரத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை.

அவளுக்கு வருகிற தொல்லை டெலிகிராம் குழுக்கள். காலையில் எழுந்தால் இருபது பிடிஎஃப். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பாடநூல்களே இலவசமாகக் கிடைக்கும்போது, அவற்றையே துண்டு போட்டு, மேலே தங்கள் முத்திரையைக் குத்தி, 'முக்கியக் குறிப்புகள்' என்று அனுப்புவார்கள். பழைய பாடத்திட்டமும் புதியதும் கலந்திருக்கும். எல்லாவற்றையும் இறக்கி வைத்தால் ஏதோ படித்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வருகிறது என்று அவளே சொன்னாள்.

"எறக்கி வெச்சா பயம் கொறையுதுக்கா. தெறந்து பாத்தா மறுபடி வந்துடுது."

எனக்கு அவள் சொன்னது அப்படியே பொருந்தியது. என் 900 கோப்புகளிலும் இருந்தது அந்த நிம்மதிதான். போன தை மாதம் அவள் குழுக்களிலிருந்து வெளியேறி, பாடநூலையும் பழைய வினாத்தாள்களையும் மட்டும் வைத்துக்கொண்டாள். ஒரு தேர்வுக்கு, ஒரு பாடத்துக்கு, எல்லை தெரிந்த படிப்புக்கு இந்தக் கோப்புறை முறையை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பது என் முடிவு. நாவல், கட்டுரை, வரலாறு என்று கலந்து பத்து வருடம் படிக்கிறவருக்கு இது போதாது. ஒரு நூல் இரண்டு கோப்புறைக்கும் பொருந்தும் நாளில் குழப்பம் தொடங்கிவிடும்.

படித்த பிறகு அடுக்குவது

இந்த மூன்றிலிருந்தும் எடுத்து நான் இப்போது பின்பற்றுவது இது. படிக்காத நூலுக்கு ஒரு நிமிடமும் கிடையாது. படித்து முடித்த நூலுக்கு கால் மணி நேரம்.

கணினியில் 'பரண்' என்று ஒரு கோப்புறை. எது கிடைத்தாலும் என்ன பெயரில் வந்ததோ அதே பெயரில் அங்கே போகும். வகை பிரிப்பதில்லை, அட்டை தேடுவதில்லை, திறந்துகூடப் பார்ப்பதில்லை. வீட்டுப் பரணில் பொங்கல் பானையும் கொலுப்படியும் கிடக்கிற மாதிரி அது பாட்டுக்குக் கிடக்கும். கருவியில் ஐந்து நூல்கள், அதை 'மேசை' என்கிறேன். ஒன்று முடிந்தால்தான் பரணிலிருந்து அடுத்தது இறங்கும். மிக்ஜாமுக்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மேசையை இருபதாக்கிக்கொள்கிறேன்.

முடித்த நூல்தான் காலிபருக்குப் போகும். அந்தக் கால் மணி நேரத்தில் ஆசிரியர் பெயரைத் திருத்துவேன், ஔகாரத்தைப் பார்ப்பேன். குறிப்புப் பெட்டியில் நூலைப் பற்றி மூன்று வரி எழுதுவேன். எதைப் பற்றியது, எந்த இடம் மனசில் நின்றது, யாருக்குக் கொடுக்கலாம். கோடிட்ட வரிகளையும் அங்கேயே ஒட்டிவிடுவேன். முன்பு அடுக்கியபோது இந்த மூன்று வரியை எழுத என்னால் முடிந்ததே இல்லை. படிக்காத நூலைப் பற்றி என்ன எழுதுவது? 'நாவல்', 'சமூகம்' என்று எங்கோ எழுதியிருந்ததை எடுத்துப் போட்டேன். இப்போது எழுதும் வரி என் சொந்த வரி. படித்ததை ஒருமுறை அசைபோட்டுத்தான் அதை எழுத முடியும். அதனால் அந்தக் கால் மணி நேரத்தைப் படிப்புக் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

நேரத்தில் வித்தியாசம் எவ்வளவு? மாதம் மூன்று நூல் முடிக்கிறேன். முக்கால் மணி நேர நிர்வாகம், அதாவது ஒரு தடவை கிண்டிக்குப் போகிற நேரம். முன்பு வாரத்துக்கே ஐந்தாறு மணி நேரம் போனது. காலிபரில் இப்போது இருப்பவை 80க்கும் சற்று அதிகம். அத்தனையும் எனக்குத் தெரிந்தவை. வெளித்தட்டில் மாதம் ஒரு பிரதி எடுத்துவைக்கிறேன், தண்ணீர் ஏறாத மேல் அலமாரியில்.

இந்த முறையிலும் இழப்பு இல்லாமல் இல்லை. பரணில் என்ன இருக்கிறது என்று எனக்கே முழுதாகத் தெரியாது. இருக்கிற நூலையே மறுபடி இறக்கிவிடுகிறேன். ஆய்வுக்காகப் படிக்கிறவருக்கு இது சரிவராது. படிக்கும் முன்பே எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டியவர் அவர். காலிபரில் முழு அடுக்கு அவருக்குத்தான் ஏற்றது, அந்த உழைப்பு அவருடைய வேலையில் ஒரு பகுதி. மகிழ்ச்சிக்காக மட்டும் படிக்கிற, நேரம் கைவசம் உள்ள பெரியப்பா போன்றவருக்கு அவருடைய முறையே மேல். அவரை மாற்ற நான் முயலவில்லை. கருவியில் பத்து நூலை ஏற்றி மழைக்காலத்துக்கு என்று அவரிடம் கொடுத்து வைத்ததோடு சரி.

ஒரே ஒரு விலக்கு

படித்த பிறகே அடுக்குவது என்ற விதியை ஒரு பெட்டிக்காக மீறுகிறேன்.

அம்மா கல்யாணம் ஆகி வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி கொண்டுவந்தார். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்து, சேர்த்து, ஊசி நூலால் தைத்து, ராயபுரத்தில் ஒரு பைண்டிங் கடையில் காலிகோ அட்டை போட்டு வாங்கிய தொகுதிகள் அதில் இருந்தன. மொத்தம் பதினாறு. மிக்ஜாம் தண்ணீர் அந்தப் பெட்டியின் பாதிவரை ஏறியது. கீழே இருந்த ஏழு தொகுதிகள் ஊறிப் பாளமாக ஒட்டிக்கொண்டன. மேலே இருந்த ஒன்பதை மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்து, பக்கத்துக்குப் பக்கம் பழைய செய்தித்தாளைச் செருகி உலர்த்தினோம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ந்த பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொடராக வந்தபோது அச்சான படங்கள், நடுவே விளம்பரங்கள், ஓரத்தில் அம்மா பென்சிலால் எழுதிய தேதிகள் இவை எதுவும் எந்தத் தளத்திலும் கிடைக்காது. பெரியப்பா சொல்கிற 'அங்க' இந்த ஒன்பதுக்கும் இல்லை. நாளை என்று தள்ளினால், காகிதம் நாளை வரை தாங்காது. பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை இருப்பதால் இவற்றை வெளியே கொடுக்க முடியாது. வீட்டுக்கு மட்டும்.

ஞாயிறு காலை ஒரு மணி நேரம் இதற்கு. ஜன்னல் பக்கம் வெள்ளைத் தாள் விரித்து, கைப்பேசியை இரண்டு சம்படங்களுக்கு நடுவே நிறுத்தி, பக்கம் பக்கமாகப் படமெடுக்கிறேன். பிறகு கூகுள் டிரைவில் போட்டு எழுத்தாக மாற்றிப் பார்ப்பேன். தமிழை நன்றாகவே எடுக்கிறது. ஆனால் இவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சு. 'லை'யும் 'னை'யும் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்திருக்கும், 'றா'வும் 'ணா'வும் காலைத் தனியாக வைக்காமல் உள்ளே சுழித்திருக்கும். அந்த எழுத்து வரும் இடமெல்லாம் தடுமாறுகிறது. 'தலை' என்பதைப் பத்து வகையாகப் படித்திருக்கிறது. ஒவ்வொன்றையும் கையால் திருத்துகிறேன்.

திருத்த வேண்டுமானால் வரி வரியாகப் படித்தே ஆக வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் புரியாத இடத்தில் எழுத்தைச் சொல்கிறார். சில இடத்தில் கதை அவருக்கு நினைவு வந்து, அடுத்த வாரப் பகுதியை முன்கூட்டியே சொல்லிவிடுவார், நான் வேண்டாம் என்பேன். முதல் தொகுதி 212 பக்கம். போன ஞாயிறு 40ஆம் பக்கம் முடிந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'இந்த வாரம் புத்தகம் தாமதம்' என்று பென்சிலில் இருந்தது. எழுத்தாக மாற்றிய கோப்பில் அந்த வரி வரவில்லை. தனியாகத் தட்டிச் சேர்த்தேன்.